நீதியின் ஏடு யாருக்குச் சொந்தம்?

இருவர் வழக்காடுகின்றனர். நீதிபதி இருதரப்பையும் கேட்டுத் தீர்ப்புக் கூறுகின்றார். கூறியவை யாவும் எழுதப்பட்டுக் கட்டாகப் பதிவகத்தில் வைக்கப்படுகின்றன. வழக்காடியவர் தத்தம் வீடு திரும்புகின்றனர். சின்னாட்கள் கழித்து, அவ்வழக்கோடு யாதொரு தொடர்பும் இல்லாத மூன்றாமவன் ஒருவன் பதிவகத்து வாயிலில் வந்து நின்று, "அந்த ஏட்டை நான் பார்க்க வேண்டும்" என்று கேட்பானாயின், அவனுக்கு நாம் கூறத்தக்க விடை யாது? "உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று திருப்பி அனுப்புவதா? அல்லது, "அமருங்கள், எடுத்துத் தருகிறோம்" என்பதா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், நீதி என்பது யாருடைய உடைமை என்னும் பெருங்கேள்வி இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவரையோ, கிள்ளான் கடைத்தெருவில் பேசி நிற்பவரையோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் முதல் விடையையே கூறுவர். கோர்ட்டு வாசலை மிதியாமல் வாழ்ந்து முடிப்பதே மானம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். தம் வழக்குக்கே அங்கே போக அஞ்சுகிறவர், பிறர் வழக்கின் ஏட்டைக் கேட்பதை வம்பு என்றே கொள்வர். இவ்வெண்ணத்தில் ஒரு நற்பண்பும் கலந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அயலான் வீட்டுத் துயரை எட்டிப் பார்ப்பது இழிவுதான். ஆனால், நீதிமன்றத்து ஏடு அயலான் வீட்டுச் சன்னலா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்குள்ளேயே பேசித் தம் பிணக்கைத் தீர்த்துக்கொண்டால் அது அவர்களுடைய காரியம். நாம் தலையிட உரிமையில்லை. அவர்கள் மன்றத்துக்கு வந்துவிட்டாலோ, தம்மிடம் இல்லாத ஒரு வலிமையைக் கடன் கேட்டு வருகின்றனர். தீர்ப்பு வீட்டைக் காலி செய் என்கிறது. காலி செய்யாவிடில் அமீனா வருகிறான். அவனுக்குப் பின்னே போலீஸ்காரர் வருகின்றனர். அவர்க்குப் பின்னே சிறைச்சாலை நிற்கிறது. இவை யாருடைய வலிமை? நாட்டில் வரி செலுத்தும் ஒவ்வொருவருடைய வலிமையும் அல்லவா? ஒரு குடும்பம் தெருவில் நிறுத்தப்படும்போது, அக்கதவைப் பூட்டும் கைகளில் உங்கள் கையும் ஒன்று; என் கையும் ஒன்று. தன் கை என்ன செய்தது என்று ஒருவன் கேட்பது வம்பு ஆகுமா? கேளாதிருப்பதன்றோ பொறுப்பின்மை!

நம் இலக்கியம் இவ்வுண்மையை அறிந்தேயிருக்கிறது. பாண்டியன் அவையில் கோவலனுக்கு விசாரணை இல்லை. பொற்கொல்லன் வாய்ச்சொல் ஒன்றே சான்றாயிற்று. பின்னர் வந்த கண்ணகி கருணை வேண்டி வரவில்லை. தன் காற்சிலம்பின் உள்ளிடுபொருள் யாது என்பதையே சான்றாகக் கூறினாள். எந்தப் பொருளைச் சான்றாக வைத்துக் கொன்றானோ அந்தப் பொருளைக் கொணருமாறு மன்னன் பணித்தான். சிலம்பு உடைந்தது, உள்ளிருந்தவை முத்துக்கள் அல்ல, மாணிக்கங்கள். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அச்சிலம்பை ஒரு நாள் முன்னதாக, ஊரார் கண்முன் திறந்திருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும்.

பெரியபுராணத்து வெண்ணெய்நல்லூர் வழக்கையும் எடுத்துக்கொள்வோம். கதையை நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். நாம் நோக்குவது அதில் வரும் நீதிமுறையை. முதியவர் காட்டிய அடிமை ஓலையை மணமகன் பறித்துக் கிழித்துவிடுகிறான். கிழிந்தது படி, மூல ஓலை முதியவரிடமே இருக்கிறது. அவையோர் அதனை வாங்கி, எழுதியவனாகிய பாட்டனின் கையெழுத்தைக் காப்பில் வைத்திருந்த வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கித் தீர்க்கின்றனர். அவ்வூரிற் பழைய ஓலைகளைக் காத்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் காட்டும் வழக்கம் இருந்ததென்று சேக்கிழார் எண்ணுகிறார் என்பது இதனால் விளங்கும். ஏடு காக்கப்பட்ட இடத்தில், கிழிப்பவன் வெல்வதில்லை.

ஏடே இல்லாத இடத்தில் என்ன நேரும்? அதற்கு நாம் புராணத்தைத் தேட வேண்டுவதில்லை. நம் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டங்களை நினைத்தாற் போதும். அங்கே துரையே நீதிபதி, கங்காணியே சாட்சி. அடித்ததற்கும் ஏடு இல்லை, கூலி பிடித்ததற்கும் ஏடு இல்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் எழுந்தனர். கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவை ஒழிக்கச் சொன்னர். அவர்களை வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன், அவ்வாண்டு மே மாதத்திற் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதனை நாடு கடத்தியது ஆட்சியாளரின் ஆணை. திறந்த மன்றத்தின் தீர்ப்பன்று. ஆகவே, அவர் செய்த குற்றம் யாது, அதற்குச் சான்று யாது, அவர் சொன்ன மறுமொழி யாது என்று இன்று எவரேனும் அறிய விரும்பினால், எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு வழக்கேடு கிடையாது. குற்றம் சாட்டியவர் எழுதி வைத்ததே எஞ்சி நிற்கிறது.

ஏடு இருந்தமையால் நேர்ந்த நன்மைக்கும் நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தபின், துப்பாக்கி வைத்திருப்பதே மரணத்துக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி அக்குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்னும் தமிழர்மீது இரு குற்றச்சாட்டுகள் எழுந்தன: துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. தோட்டாக் குற்றத்திலிருந்து முதல் விசாரணை அவரை விடுவித்தது. துப்பாக்கிக் குற்றத்தை மீண்டும் விசாரிக்க ஆணை பிறந்தது. இரண்டாம் விசாரணையில், துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்ததாக அவர் கூறியதெனச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அரசுத்தரப்பு சான்றாக வைத்தது. தோட்டாக் குற்றத்தில் அவர் விடுதலையானவர் என்பது அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950இல் அம்மன்றம் முதல் விசாரணையின் முடிவை முன்வைத்து நோக்கியது. ஒரு மன்றம் முறையாக விடுதலை செய்த ஒன்றைப் பின்வரும் விசாரணையிலும் மெய்யென்றே கொள்ளவேண்டும் என்று தீர்த்துத் தண்டனையை நீக்கியது. இன்றும் பல நாட்டு மன்றங்களில் எடுத்தாளப்படும் நெறி இது. ஒரு தமிழன் உயிர், ஏட்டில் இருந்த ஒரு முடிவைப் பொறுத்து நின்றது என்பதை மறவாதீர்.

நிற்க. இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் மன்றம் கூடும் இடம் பொதுமக்கள் வரத்தக்க திறந்த இடம் என்று 1964ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் கூறுகிறது. உரிமை வழக்குகளைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 60ஆம் கட்டளை எவருக்கும் ஓர் உரிமை தருகிறது. உரிய கட்டணம் செலுத்தி, வழக்கைத் தொடங்கிய மூல ஆவணத்தையும், மன்றத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பையும் ஆணையையும் தேடலாம், பார்க்கலாம், நகல் பெறலாம். ஏனைய ஆவணங்களுக்குப் பதிவாளரின் அனுமதி வேண்டும். நீதிபதிகளின் செயற்பதிவுகள் பொது ஆவணங்கள் என்பதும், பார்க்க உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால் சான்றளித்த நகல் தரவேண்டும் என்பதும் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் உள்ளன.

ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உரிமை பயன்பட வேண்டுமாயின் வழி தெரிய வேண்டும். முதலில், வழக்கு எம்மன்றத்தில் நடந்தது என்பதை அறிக. கோலாலம்பூரில் நடந்ததாயின், பழைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் தேடிப் பயனில்லை. 2007 முதல் ஜாலான் டூத்தாவிலுள்ள பெருங்கட்டடமே நகரின் மன்றங்களுக்கு இருப்பிடம். கிள்ளான் வட்டார வழக்காயின் கிள்ளானிலோ ஷா ஆலத்திலோ இருக்கும். மாஜிஸ்திரேட் மன்றமா, செஷன்ஸ் மன்றமா, உயர்நீதிமன்றமா என்பதையும் அறிதல் வேண்டும். அடுத்து வழக்கு எண். அது தெரியாவிடில் இருதரப்பார் பெயரும் ஆண்டும். இவற்றைக் கையிற் கொண்டு, வேண்டுவது யாது, எதற்காக என்பதைத் தேசிய மொழியிற் சுருக்கமாக எழுதிப் பதிவாளரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்துவதே முறை. மேல்மன்றங்களின் எழுத்துத் தீர்ப்புகள் பலவற்றை நீதித்துறையே இணையத்தில் வெளியிடுகிறது. அவற்றுக்குப் படியேற வேண்டியதும் இல்லை. ஒன்று நினைவில் இருக்கட்டும்: சிலாங்கூர் அரசு 2011இல் இயற்றிய தகவல் உரிமைச் சட்டம் மாநில அலுவலகங்களுக்கே உரியது, மன்ற ஏடுகளுக்கு மேற்கூறிய வழியே வழி.

இவ்வளவும் கற்றவர் பொழுதுபோக்குக்குக் கூறியதன்று. சுபாங் ஜெயாவுக்கு அருகே, பழைய சீபீல்ட் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிய வழக்கில், 2014 மார்ச்சு மாதம் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு ஒன்று பதிவாயிற்று. கோயில் நிர்வாகத்துக்கு உரிமை கோரிய இரு தரப்பாரும், நில உடைமையாளரும், மாநில அரசும் அதிற் கலந்திருந்தனர். நான்கு ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. 2018 நவம்பர் 26ஆம் நாள் விடியற்காலையில் அங்கே கலகம் மூண்டது. கைப்பேசிகளில் வதந்தி பறந்தது, இனத்தின் பெயரால் மனங்கள் கொதித்தன, வண்டிகள் எரிந்தன. கடமை செய்ய வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமுற்று, டிசம்பரில் உயிர் துறந்தார். அந்நாட்களில் நாவாற் பேசியவர் ஆயிரம் பேர். எந்த இனத்தவராயினும், அத்தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசியவர் எத்தனை பேர்? தீர்ப்பு சரியா பிழையா என்பது வேறு வாதம். படித்தபின் அதனை எதிர்த்துப் போராடுவதும் குடிமகன் உரிமையே. படியாமற் கொதித்ததன் விலையோ, ஒரு தாயின் மகன்.

இனி மறுதரப்பார் வாதத்தைக் கேட்போம். "ஏட்டைத் திறந்து வைத்தால் ஏழையின் மானம் போகுமே! கடனாளியான தொழிலாளி, கணவனைப் பிரிந்த பெண், தவறு செய்த சிறுவன் ஆகியோரின் கதைகள் ஊர் வாயில் விழுமே!" என்பர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளோம். சட்டமும் தள்ளவில்லை. சிறுவர் வழக்குகளில் அவர்தம் அடையாளத்தை வெளியிடல் ஆகாது என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தடுக்கிறது. அத்தடை நியாயமானது. ஆயினும், ஏடு மூடியிருப்பதால் ஏழையின் மானம் காக்கப்படுகிறது என்று எண்ணுவது மயக்கம். கைது செய்யப்பட்டவன் பெயர் அன்று மாலையே ஊரெங்கும் பரவுகிறது. ஆறு மாதம் கழித்து அவன் குற்றமற்றவன் என்று விடுதலையாவது எத்தனை பேர் காதுக்கு எட்டுகிறது? பெண் கேட்கப் போன வீட்டில், "அவன் ஜெயிலுக்குப் போனவனாமே" என்று இழுக்கும்போது, அவனுக்குத் துணையாய் நிற்பது எது? விடுதலை என்று எழுதிய அந்த ஏடுதானே! வதந்திக்கு ஏடு வேண்டுவதில்லை. அவதூறை மறுப்பதற்கே ஏடு வேண்டும்.

ஆகவே, காண்பதும் பரப்புவதும் வெவ்வேறு என்பதை உணர்தல் வேண்டும். அறிவதற்காக ஏட்டைக் காண்பவன் குடிமகன். அயலானை இழிவுபடுத்த அதில் ஒரு வரியைக் கிள்ளி ஊர்ச்சுவரில் ஒட்டுபவன் வம்பன். இரண்டாமவனுக்கு அஞ்சி முதலாமவனின் கதவை அடைப்பது, கள்வனுக்கு அஞ்சி விளக்கை அணைப்பதை ஒக்கும்.

நம் சங்கங்களுக்கும் படிப்பகங்களுக்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. பாராட்டு விழாக்களுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாகாதா? தோட்டத்து வீட்டைக் காலி செய்யுமாறு ஓலை வந்த குடும்பத்துக்கு, அதே தோட்டத்தார் முன்னர் பெற்ற தீர்ப்பைத் தேடிக் கொடுக்க ஓர் இளைஞர் குழு வேண்டும். அதைத் தமிழில் எளிதாக எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூலி வழக்கில் ஒருவன் வென்றான் என்ற செய்தி பத்து மைல் அப்பால் அதே நிலையில் உள்ளவனுக்குத் தெரியாமற் போவதால், அவன் தோற்ற மாதிரியே வாழ்ந்து மடிகிறான். வக்கீலை அமர்த்தப் பொருளில்லாதவனுக்கும், பிறர் வழக்கிலிருந்து கற்க உரிமை உண்டு.

தீர்ப்பு நம் பெயரால் வழங்கப்படுகிறது. நம் பொருளாற் காக்கப்படுகிறது. நம் வலிமையால் நிறைவேற்றப்படுகிறது. அதனைப் படிக்கும் கடமை மட்டும் பிறருடையது என்று இருப்போமாயின், நமக்கு நேரும் அநீதிக்குப் பிறரைக் குறைகூற நமக்கு வாயுண்டோ? அன்பர்களே, பதிவகத்து வாயிலில் நிற்கும் அந்த மூன்றாமவன் அந்நியன் அல்லன். அவனை உள்ளே அழைத்து, ஏட்டை அவன் கையிற் கொடுங்கள்.