குமிழற்ற தாளம்

அதிகாரத்தில் இருப்பவர் எது கூறினும் 'ஆம், ஆம்' என்று தலையசைப்பவரை 'ஜால்ரா போடுகிறார்' என்று தமிழுலகம் இகழ்கிறது. தாளக் கருவிக்கு நேர்ந்த இப்பழி பொருத்தமானதுதானா? இக்கேள்விக்குள் வாழ்க்கைக்குரிய வேறொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. ஒருவர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்வது எப்போது அடக்கமாகிறது? எப்போது அடிமைத்தனமாகிறது?

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டக் கோயில்களில் மார்கழி பஜனை நடந்த முறையை முதியோர் நன்கறிவர். பாடுவோர் உணர்ச்சி மேலிட்டு விரைவர். மிருதங்கமும் உடன் விரையத் துடிக்கும். கைத்தாளம் பிடிப்பவர் மட்டும் தம் அளவிலிருந்து வழுவலாகாது. அவர் வழுவினால் பாட்டே சிதறும். பரதநாட்டிய அரங்கிலும் ஆடுபவரின் அடிகளை நட்டுவனாரின் தாளமே நெறிப்படுத்துகிறது. 'பாண்டில்' என்னும் பெயரால் மலைபடுகடாம் இக்கருவியைக் கூத்தர் சுமந்து சென்ற இசைக்கருவிகளுள் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. ஆகவே, தாளம் பிறர் பின்னே ஓடும் கருவி அன்று. பிறர் வந்து பொருந்தவேண்டிய அளவுகோல் அது.

இவ்வுண்மையை மேலைநாட்டுத் தாளக் கருவி ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மேலைநாட்டு மேளத்தொகுதியில் 'ரைட்' எனப்படும் பெரிய தாளத்தட்டு உண்டு. குச்சியால் அதனைத் தட்டிக் காலத்தை நடத்துவர். அதன் நடுவே மணிபோன்ற ஒரு குமிழ் புடைத்து நிற்கும். ஒலி உரத்துப் பரவுவதற்கும் நெடிது நிற்பதற்கும் அக்குமிழ் துணைசெய்கிறது. 1960களில் சுவிட்சர்லாந்தின் பைஸ்டி நிறுவனம் அக்குமிழை நீக்கித் தட்டையான வடிவில் ஒரு தாளத்தட்டைச் செய்தது. அதுவே 'ஃபிளாட் ரைட்'. குமிழ் நீங்கவே முழக்கம் குறைந்தது, தெளிவோ மிகுந்தது. ஒரு தட்டின் ஒலி அடுத்த தட்டின் ஒலியை மூடுவதில்லை. எத்தனை விரைவாகத் தட்டினும் ஒவ்வோர் அடியும் தனித்தனியே கேட்கும்.

1968ஆம் ஆண்டு நியூயார்க்கில் சிக் கொரியா என்னும் ஜாஸ் பியானோக் கலைஞர் ஓர் இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது, ராய் ஹெய்ன்ஸ் இத்தகைய தாளத்தட்டையே பயன்படுத்தினார். அதில் பியானோவின் மெல்லிய சுரங்களும் மறைவதில்லை. தாளத்தின் நுண்ணிய அடிகளும் மறைவதில்லை. பிறருக்கு இடம்விட்டும் தன் இடத்தை இழக்காத ஒலி அது.

இத்தகைய தாளத்தட்டுகளுக்குரிய வெண்கலத்தில் 100 பங்குக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். ஈப்போ நகரை வளர்த்த கிந்தாப் பள்ளத்தாக்கின் செல்வம் அவ்வெள்ளீயமே. 1985இல் ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தனியே தட்டினால் மணிபோல் ஒலிக்காத அம்மென்மையான உலோகம், செம்போடு சேரும்போது அதற்கு உறுதியையும் ஓசையையும் தருகிறது. ஆயினும் அளவு மிகுந்தால் தட்டு எளிதில் உடையும். உலோகத்திலும் அளவே அறம்.

எனினும், மெல்லொலி எங்கும் எப்போதும் உயர்ந்தது என்று முடிவுகட்டுதல் தவறாகும். ஈப்போவில் கல்லுமலை முருகன் ஆலயத்தை நோக்கிச் செல்லும் தைப்பூச ஊர்வலத்தில், உறுமியும் தவிலும் முழங்குமிடத்தில், குமிழற்ற தாளத்தின் ஒலி எவர் செவிக்கும் எட்டாது. உரத்து ஒலிக்கவேண்டிய இடமும் உண்டு. தோட்டங்களில் கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி வாய்மூடி நின்ற தலைமுறையின் மௌனத்தை 'அடக்கம்' என்று சிலர் புகழ்ந்தனர். அஃது அடக்கம் அன்று. பேச உரிமையற்றவர் மேல் சுமத்தப்பட்ட ஊமைத்தனம். உரத்துப் பேச வல்லவர் தாமே விரும்பித் தாழ்த்திக்கொள்ளும் குரலுக்கு மட்டுமே அடக்கம் என்னும் பெயர் தகும்.

அம்மௌனத்துக்கு மாற்று வெற்றுக் கூச்சலும் அன்று என்பதற்குப் பேராக் மண்ணிலேயே சான்று உண்டு. அயலார்க்குச் சொந்தமான தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியோர் தம் சிறு ஊதியத்திலிருந்து தவணைமுறையில் பங்குப்பணம் செலுத்தினர். அச்சங்கம் தோட்டங்களை வாங்கி நடத்தியது. ஒவ்வொரு தவணையும் ஒரு மெல்லிய தட்டு. தவறாது ஒலித்தமையால் அஃது இசையாயிற்று.

அடக்கத்தையும் அடிமைத்தனத்தையும் பிரித்தறியக் குரலின் உயரத்தை அளந்து பயனில்லை. அளவு காக்கப்பட்டதா என்றே நோக்குதல் வேண்டும். முகத்துதி செய்பவர், தலைவர் விரைந்தால் விரைவார்; தயங்கினால் தயங்குவார்; அவரிடம் சொந்த அளவென ஒன்றில்லை. தாளம் பிடிப்பவரோ, பாடகர் எத்துணைப் பெரியவராயினும், அவர் தவறும்போது தம் தட்டை மாற்றுவதில்லை. வகுப்பறையில் தலைமை மாணவனுக்கும், சங்கத்தில் செயலாளருக்கும், இல்லத்தில் மூத்தோர்க்கும் இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் நலம். 'ஜால்ரா' என்று ஒருவரை இகழுமுன், அக்கருவி ஒருபோதும் ஜால்ரா போட்டதில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.