படியெடுப்போர் கடமை

தம் பொருளைக் காத்தல் அறிவுடைமை. பிறர் பொருளைத் தம் பொருள்போல் காத்தல் அறம். கணிப்பொறியில் மக்களின் பதிவுகளைக் காப்போர்க்கு உரிய கடமை இவற்றுள் எது? அக்கடமை எங்கு நிறைவுறுகின்றது? இவ்வினாக்கள் தொழில்நுட்பர்க்கு மட்டும் உரியன அல்ல.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிம்பாங் ரெங்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பிறப்பும் தந்தையின் சேமநிதியும் எங்கோ ஒரு தரவுத்தளத்தில் அட்டவணைகளாய் உள்ளன. பிறப்புப் பத்திரம் இன்றி அல்லலுற்ற தோட்டத் தமிழர் பலரை அறிந்த நமக்கு, ஒரு பதிவு இல்லாமற்போவதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஆயின், அதனைப் படியெடுத்தல் எளிய செயலன்று. ஏடு அசையாது கிடக்கும்; தரவுத்தளமோ இடையறாது மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்கிற்கு 100 வெள்ளி மாற்றப்படுகின்றது எனக் கொள்வோம். பெறுபவர் பக்கத்தைப் பணம் சேருமுன்னும், கொடுப்பவர் பக்கத்தைப் பணம் கழிந்த பின்னும் படியெடுத்தால், அப்படியில் 100 வெள்ளி எவரிடமும் இராது. ஆதலின், ஒரே கணத்தின் முழு நிலையைப் பற்றிக்கொண்டு, பின் நிகழும் மாற்றங்களை வரிசை பிறழாது குறித்த பதிவேட்டையும் உடன்வைத்துக் காப்பர்.

இரு பொறிகளை இணைத்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் உடனே எழுதச் செய்யும் முறையும் உண்டு. ஒன்று பழுதுற்றால் மற்றது தொழிலைத் தொடரும். எனினும், தவறாக ஒன்றை அழித்தால், இணைப்பொறியும் அதனை அவ்வாறே அழித்துவிடும். இணைபிரியாத் துணை வேறு. விலகி நின்று பழைய நிலையை நினைவிற்கொள்ளும் சான்று வேறு. இரண்டும் வேண்டும்.

இதனைத் தமிழர் வரலாறே உணர்த்தும். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் வாங்கலாம். படியற்ற சுவடியை எங்குச் சென்று தேடுவது?

படி இருந்தால் மட்டும் போதுமா? 2017 சனவரி 31-இல் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர், ஒரு பொறி என எண்ணி மற்றொரு பொறியின் தரவை அழித்தார். ஐந்து காப்புமுறைகள் இருந்தும் அவற்றுள் எதுவும் நம்பியவாறு உதவவில்லை. வேறொரு நோக்கத்திற்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த படியே கைகொடுத்தது. மீட்டுப் பார்த்துச் சரிகாணாத படி, விதைத்துப் பாராத விதைநெல் போன்றது. முளைக்கும் என்பது வெறும் நம்பிக்கையே.

இடர் நேராத நாளில் இவ்வுழைப்பு வீண்செலவாகத் தோன்றும்; நன்றி கூறுவாரும் இலர். அதனாலேயே இஃது அறத்தின்பாற்படுகின்றது. காவலன் கடமை படியை எடுத்த அளவில் முடிவதன்று. வேறிடத்தில் வைத்து, மீட்டு, படித்து, மூலத்தோடு ஒத்துள்ளது எனக் கண்ட பின்னரே அது நிறைவுறும். தம் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதையும் அறியாத எளியவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது.