ஊர்ப்பெயர் கேட்கும் காலை

பள்ளிப்பட்டு.
உதடு இரண்டு முறை மூடுகிறது. நாக்கு இரண்டு முறை மேலண்ணத்தைத் தொடுகிறது.

*

பள்ளி. சமணர் உறைவிடம். படுக்கை. கற்கும் இடம். சிற்றூர். எல்லாப் பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு.
ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ள மனம் வரவில்லை.

*

பட்டு என்பது குடியிருப்பு. நூலோடு உறவில்லை.
எங்கோ விசைத்தறி ஓடுகிறது. காது உறவு கேட்கிறது.

*

1953இல் ஆந்திர மாநிலம் பிறக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போகிறது. எல்லைக்காக ம.பொ.சி. போராடுகிறார். 1960 ஏப்ரல் 1. திருத்தணியும் பள்ளிப்பட்டும் இங்கே வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்கின்றன.
செங்கழுநீர்ப்பட்டு என்பது தேய்ந்து செங்கல்பட்டு. ஒரு பட்டுக்குள் இன்னொரு பட்டு.
புத்தூர் அந்தப் பக்கம் நிற்கிறது. புத்தூர், தமிழ்ப்பெயர்.

*

திருத்தணிக்கு இன்னொரு பெயர் செருத்தணி. சூரனோடு செய்த போரின் சினம் முருகனுக்கு இங்கே தணிந்தது என்கிறார்கள்.
தணி. சொல்லும்போதே மூச்சு இறங்குகிறது.
365 படிகள். ஏறும்போது மூச்சு மறுபடி மேலே வருகிறது.

*

லவா. குசா. இரண்டு ஆறுகள், சீதையின் பிள்ளைகள் பெயரில். பள்ளிப்பட்டுப் பக்கம் சேர்ந்து கொசஸ்தலை ஆகின்றன.
ஆந்திர மலையில் மழை பெய்தால் கிருஷ்ணாபுரம் அணையைத் திறக்கிறார்கள். தரைப்பாலம் மூழ்குகிறது.
மற்ற மாதங்களில் மணல். வெயிலில் மணலின் வாசனை.
அப்போதும் ஆறு என்றே சொல்கிறோம்.

*

அயர்லாந்து நினைவுக்கு வருகிறது. அங்கே 1824இல் நில அளவை தொடங்குகிறது. ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த அளவைக்காக ஜான் ஓடோனவன் ஊர் ஊராகப் போகிறார். முதியவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்.
ஊர் என்னும் 'பால்யே' வரைபடத்தில் 'பாலி' ஆகிறது. எத்தனையோ ஊர்கள் அப்படித் தொடங்குகின்றன.
அந்த முதியவர்களின் வாய் மட்டும் எனக்குத் தெரிகிறது. மெதுவாக அசைகிறது.

*

டெர்ரி, ஓக் மரத்தோப்பு. டப்ளின், கருங்குளம்.
கருங்குளம். தமிழில் சொன்னதும் அது பக்கத்து ஊராகிவிடுகிறது. கரையில் தவளைச் சத்தம்கூட.

*

அத்திமாஞ்சேரிப்பேட்டை.
அத்தி கேட்கிறது. மா கேட்கிறது. மரம் தேடிக் கண் போகிறது. மின்கம்பி, சுவர், சுவரில் ஒரு கட்சிக்கொடி.
வெறுமனே பார்க்கிறேன்.

*

ராமகிருஷ்ணராஜு பேட்டை. பேருந்து நடத்துநர் 'ஆர்.கே.பேட்டை' என்கிறார்.
ராஜு உதிர்ந்துவிட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.
கூடையோடு ஒரு பெண் ஏறி, அந்த இரண்டு எழுத்தைச் சொல்லியே சீட்டு வாங்குகிறார்.