வாக்கும் மனச்சாட்சியும்

மனிதன் தன் மனத்திலுள்ளதை மறைத்துப் பேசுவது குற்றமெனில், அவனை அவ்வாறு மறைக்கும்படி செய்யும் ஏற்பாடும் குற்றமுடையதே யாகும். இன்று பல நாடுகளில் வழங்கும் தேர்தல் முறை இத்தகையது. மூவர் போட்டியிடுமிடத்து, யோக்கியர் என்று தான் கருதும் ஒருவருக்கு ஓட்டளித்தால் அது வீணாகி, தான் அஞ்சும் அபேட்சகர் வென்றுவிடுவாரோ எனக் கலங்கி, மனமொப்பாத வேறொருவருக்கு ஓட்டளிப்போர் பலர். இவர்கள் பொய்யர்களா? அல்லர். ஒரே பெயருக்கு மட்டும் இடந்தரும் சீட்டே அவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது.

அமெரிக்க நாட்டின் மெய்ன் மாநிலத்தில் 2010இல் நடந்த கவர்னர் தேர்தலில், வென்றவர் பெற்றது நூற்றுக்கு ஏறத்தாழ 38 ஓட்டுகளே. எஞ்சியோரின் விருப்பம் பலர்பாற் சிதறிப் பயனற்றுப் போயிற்று. இக்குறைக்குப் பரிகாரமாகக் கூறப்படுவது வரிசை வாக்கு முறை. இதன்படி ஓட்டர் அபேட்சகர்களை 1, 2, 3 எனத் தம் விருப்பப்படி வரிசைப்படுத்துவார். எவருக்கும் பாதிக்கு மேற்பட்ட முதல் ஓட்டுகள் கிடையாவிடின், கடையிலுள்ளவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள், அவற்றில் அடுத்துக் குறிக்கப்பட்டவரைச் சேரும். எஞ்சிய சீட்டுகளில் ஒருவர் பாதியைக் கடக்கும்வரை இவ்வாறே நடைபெறும். ஆஸ்திரேலியா 1918 முதல் தன் பாராளுமன்றக் கீழ்ச்சபைத் தேர்தலுக்கு இம்முறையைக் கையாண்டு வருகிறது. மெய்ன் மாநிலத்தாரும் 2016இல் பொதுமக்கள் வாக்கெடுப்பால் இதனை ஏற்று, 2018இல் காங்கிரஸ் உறுப்பினர் தேர்தலுக்குப் பயன்படுத்தினர்.

நிற்க. அமெரிக்காவில் தேர்தல்களை நடத்துவோர் பெரும்பாலும் அவ்வவ்வூர்த் தேர்தல் உத்தியோகஸ்தர்களே. சட்டத்தை மாற்றும் அதிகாரம் பொதுவாக அவர்களிடம் இல்லை. அங்ஙனமாயின், இம்முறைக்காக அவர்களிடம் சென்று வாதாடுவதால் பயன் யாது எனச் சிலர் வினவலாம்.

பயன் உண்டு. நியூயார்க் நகரில் 2021இல் மேயர் பதவிக்கான கட்சித் தேர்தல் வரிசை முறைப்படி நடந்தபோது, பரீட்சைக்காகச் செய்து வைத்திருந்த ஏறக்குறைய 135,000 ஓட்டுகளை உண்மை ஓட்டுகளோடு சேர்த்துக் கணக்கை வெளியிட்டுவிட்டனர். பின்னர் அதனைத் திரும்பப் பெற்றனர். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 2022இல் நடந்த பள்ளிச் சபைத் தேர்தலிலோ, எண்ணும் ஏற்பாட்டில் நேர்ந்த பிழையால் தோற்றவரே வென்றவரென அத்தாட்சி பெற்றார். உண்மை பின்னரே வெளிப்பட்டது. இவை முறையின் குற்றங்களல்ல. நடத்தியோர் கவனக்குறைவின் விளைவுகள். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணிமார் இதனை நன்கறிவர். கூலி விகிதம் எவ்வளவு நியாயமானதாயினும், ஒருவன் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுபட்டால் உழைத்தவன் கூலியை இழப்பான். நீதி சட்டத்தில் மட்டும் வாழ்வதில்லை. கணக்கெழுதும் கையிலும் வாழ்கிறது.

ஆகவே, செலவு எவ்வளவு, தாமதம் எவ்வளவு, குழப்பத்தால் செல்லாத ஓட்டுகள் பெருகுமா என உத்தியோகஸ்தர் கேட்கும் கேள்விகளைப் பகைமையாக எண்ணுதல் தகாது. அவை பொறுப்புள்ளவர் கேட்க வேண்டிய கேள்விகளே. கேளாமல் தலையசைப்பவரே அஞ்சத்தக்கவர்.

இவ்விடத்தில்தான் சீர்திருத்தக்காரரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரம் 2005இல் இம்முறையை ஏற்றது. 2009 மேயர் தேர்தலில் மூன்றாமிடத்தில் நீக்கப்பட்ட ஒருவர், மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியே போட்டியிட்டிருப்பின் அனைவரையும் வென்றிருப்பார் என்பதை அவ்வோட்டுச் சீட்டுகளே காட்டின. 2010இல் நகரத்தார் இம்முறையை நீக்கினர். பின்பு 2021இல் நகரசபைத் தேர்தலுக்கும், 2023இல் மேயர் தேர்தலுக்கும் மீண்டும் ஏற்றனர்.

இவ்வரலாற்றை உத்தியோகஸ்தரிடம் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் காரியம் எளிதில் கைகூடலாம். ஆனால், ஓட்டர் தம் மனத்தை மறைக்க நேர்வது தீமை என்று வாதிக்கச் சென்றவரே தாம் அறிந்ததை மறைப்பாராயின், அவர் வாதத்திற்கு அடிப்படை ஏது? குறையையும் கூறி, அக்குறையோடும் இம்முறை பழையதினும் நன்று என்று காட்டுவதே அறிவுடைமை. முழுக் கதையையும் கேட்டறிந்து நீக்கிய நகரமே பதினோராண்டுக்குப் பின் மீண்டும் ஏற்கத் தொடங்கியது என்பது, மறைத்துப் பெறும் எந்த ஒப்புதலிலும் வலிய சான்றன்றோ?

அன்பர்களே! பகுத்தறிவு என்பது புதியதைக் கண்டவுடன் போற்றுவதன்று. பழையது என்பதற்காக எதையும் காப்பதுமன்று. ஓட்டர் கையில் உண்மையை எழுத இடமுள்ள சீட்டு வேண்டும். அதனை எண்ணுவோரிடத்துக் கவனம் வேண்டும். அவ்விரண்டையும் கேட்கச் செல்வோர் நாவிலும் உண்மையே இருத்தல் வேண்டும்.