கணனிக் கல்வியும் ஒப்படையின் அறமும்

பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் தன் ஒப்படையை விரிவுரையாளரிடம் சமர்ப்பிக்கின்றான். அவன் சமர்ப்பித்த பொருள் யாது? செய்நிரல் ஒன்றைச் சமர்ப்பித்தான் என்பதே எவரும் கூறும் விடை. ஆயின் அச்செய்நிரல் விரிவுரையாளருக்குத் தேவைப்பட்ட ஒன்றன்று. எண்களை ஏறுவரிசைப்படுத்தும் முறைகளுள் சிறந்த ஒன்றை ஜோன் வொன் நொய்மன் 1945 ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். இன்று அம்முறை கணனி மொழிகள் பலவற்றினுள் ஆயத்தமாகவே அமைந்து கிடக்கின்றது. இருந்தும் ஆண்டுதோறும் முதலாம் வருட மாணவர் அதனை மீளவும் எழுதுகின்றனர். தச்சன் செய்த கதிரையில் எவரோ ஒருவர் அமர்கின்றார். உழவன் விளைவித்த நெல்லை எவரோ ஒருவர் உண்கின்றார். மாணவனின் செய்நிரலையோ எவரும் பயன்படுத்துவதில்லை. புள்ளியிடப்பட்ட மறுகணமே அது கழிவுப் பொருளாகின்றது. அங்ஙனமாயின் அவ்வுழைப்பின் விளைபொருள் எங்கேயுளது? அது மாணவனிடத்தே உளது. அல்லது எங்கும் இல்லை. ஒப்படையைப் பற்றிய அறவினா இவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்வினா நம் நாட்டில் எழும் சூழலைச் சிறிது நோக்குதல் தகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கணனிப் பொறியியலுக்கெனத் துறையொன்று 1985 இல் அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் வளர்ந்த கணனிக் கல்வி, 2002 இல் கணனிக் கல்லூரி என்ற தனி நிறுவனமாக உருப்பெற்றது. அதற்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டில், தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றும் தொடங்கப்பெற்று, பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோருக்கும் வாயில் திறந்தது. இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறைக்கு வந்த நாடு இது. அரச பல்கலைக்கழக மாணவனின் ஆசனத்துக்கு விலை செலுத்துவோருள், அங்கு தன் பிள்ளையை ஒருநாளும் அனுப்ப இயலாத தோட்டத் தொழிலாளியும் ஒருவராவார்.

ஹற்றனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து, தெமட்டகொடையில் அறையொன்றை மூவராகப் பகிர்ந்து தங்கி, பேஸ்லைன் வீதியிற் பஸ் ஏறிப் பொரளையில் மாறி விரிவுரைக்குச் செல்லும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். உயர்தரம் வரை அவன் கற்றது தமிழில். பல்கலைக்கழகத்திலோ விரிவுரை, நூல், வினாத்தாள் யாவும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளுதல், கணனி மொழியைப் புரிந்துகொள்ளுதல், தீர்க்க வேண்டிய பிரச்சினையைப் புரிந்துகொள்ளுதல் என முச்சுமைகளை அவன் ஒரே வேளையிற் சுமக்கின்றான். நகர்ப்புறப் பாடசாலையிலிருந்து வந்த சகமாணவனோ முதலிரண்டையும் சிறுவயதிலேயே இறக்கி வைத்துவிட்டவன். பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்த நாள்களிலும் கற்க வேண்டியவற்றின் அளவு குறைந்துவிடவில்லை. இத்தகையவன் கெடுநாளின் முன்னிரவில் நண்பனின் செய்நிரலை வாங்கி, மாறிகளின் பெயர்களை மாற்றிச் சமர்ப்பிக்கின்றான் என்றால், அவனைக் கயவன் என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது எளிது. எளிதாயிருப்பதே அக்கூற்றின் குறைபாடு.

பார்த்தெழுதுதல் தவறு என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம் அது களவு என்பதாகும். பல்கலைக்கழகங்களும் அதனைக் களவாகவே நடத்துகின்றன. இரு செய்நிரல்களின் ஒப்புமையைக் கண்டுபிடிக்கும் ‘மொஸ்’ என்னும் முறைமை அமெரிக்காவில் 1994 முதலே வழக்கிலுண்டு. பெயரை மாற்றியோ வரிகளை இடம் மாற்றியோ அதனை இலகுவில் ஏமாற்ற இயலாது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கணனிப் பாடத்திலோ 2014 இல் வேறொரு விதி சேர்க்கப்பட்டது. தவறிழைத்த மாணவன் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் தானாக வந்து ஒப்புக்கொள்வானாயின், அவ்வொப்படைக்குரிய புள்ளியை இழப்பதோடு விடயம் முடியலாம் என்பது அவ்விதி. காவற்காரன் வேலையினின்று ஆசிரியன் வேலைக்கு ஓரடியேனும் திரும்பிய விதி என்று அதனைப் பாராட்டலாம்.

ஆயினும் களவு என்னும் நியாயம் ஆழமாக நோக்கின் நிலைபெறுவதில்லை. களவில் இழந்தவன் ஒருவன் இருத்தல் வேண்டும். நண்பன் மனமுவந்து கொடுத்தவிடத்து இழந்தவன் யார்? 2022 நவம்பரில் ‘சற்ஜிபிரி’ என்னும் உரையாடற் கணனி பொதுமக்கள் கைக்கு வந்தபின் இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. ஒப்படையின் வினாவை அவ்வாறே எடுத்துக் கொடுத்தால், ஒரு நிமிடத்துக்குள் முழுச் செய்நிரலும் விளக்கக் குறிப்புகளோடு வந்து சேர்கின்றது. எந்த நண்பனுடைய உழைப்பும் இங்குச் சுரண்டப்படவில்லை. ஒப்புமை கண்டுபிடிக்கும் முறைமைக்கும் இரை கிடைப்பது அரிது. மற்றைய மாணவருக்கு அநீதி என்று கூறலாம். எல்லா மாணவரும் அவ்வாறே செய்வாராயின் அந்த அநீதியும் மறைந்துபோகும். வகுப்பு முழுவதும் சமமாக, எவருக்கும் நட்டமின்றி, ஒன்றுமே கற்காமல் வெளியேறுவதை எந்தச் சமத்துவக் கோட்பாட்டாலும் குறைகூற இயலாது. ஆகவே தவறு வேறிடத்தே தேடப்படல் வேண்டும்.

டென்மார்க்கின் கணனி அறிஞர் பீற்றர் நோர் 1985 இல் வெளியிட்ட கட்டுரையொன்று இங்குத் துணைசெய்கின்றது. செய்நிரலாக்கம் என்பது எழுத்துக்களைப் பிறப்பிக்கும் தொழிலன்று. பிரச்சினையைப் பற்றிய கோட்பாடொன்றை மனத்துள் கட்டியெழுப்பும் தொழில் என்பது அவர் வாதம். ஒரு குழுவினர் ஆக்கிய தொகுப்பியைப் பிறிதொரு குழுவினர் விரிவாக்க முயன்ற கதையை அவர் எடுத்துக்காட்டுகின்றார். செய்நிரலின் முழுப் பிரதியும் விளக்க ஆவணங்களும் கையில் இருந்தும், அதன் அமைப்புக்குள்ளேயே பொதிந்திருந்த வழிகளை அவர்கள் காணவில்லை. அவர்கள் முன்மொழிந்த மாற்றங்கள் அவ்வமைப்பின் ஆற்றலையே அழிப்பனவாக இருந்தன. முதற்குழுவினரோ அவ்வழிகளை உடனே கண்டுகொண்டனர். எழுத்து கைமாறியது; அறிவு கைமாறவில்லை. அனுபவமிக்க வல்லுநருக்கே இந்நிலையாயின், நண்பனின் கோப்பை நள்ளிரவிற் பெற்ற முதலாம் வருட மாணவனுக்கு எது கைமாறியிருக்கும்?

நம் மரபிலும் இக்கருத்து அயலானதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திற் கல்வியின் பங்குகளைக் கணக்கிட்டுக் கூறியுள்ளார். ஆசான் உரைத்ததை நன்கு கொள்ளினும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. தன்னோடு பயில்வோருடன் பயின்று பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதனாற் பெறப்படுவது. இலக்கண மாணாக்கரை எண்ணி எழுதப்பட்ட இக்கணக்குக் கணனி ஆய்வுகூடத்துக்கும் பொருந்துவது வியப்பன்று. கற்றல் என்பது கருவிக்குக் கருவி மாறும் செயலன்றே. மாணாக்கரை வகைப்படுத்துமிடத்து அவர் கிளியை இடைநிலையிலும், ஓட்டைக் குடத்தைக் கடைநிலையிலும் வைத்தார் என்பதும் சிந்தனைக்குரியது. கிளிக்குச் சொன்னதாவது நிற்கின்றது. பிறர் ஆக்கியதைச் சமர்ப்பித்தவனுக்கு அதுவும் நிற்பதில்லை.

இக்கணக்கைக் கொண்டு நோக்கின், சேர்ந்து பயில்வதற்கும் பார்த்தெழுதுவதற்கும் இடையிலுள்ள கோடு தெளிவாகின்றது. தெமட்டகொடை அறையில் மூன்று மாணவர் ஒரே மடிக்கணனியைச் சூழ்ந்திருந்து, பிழை எங்கே என்று விடியும்வரை வாதிடுவது குற்றமன்று. அது நன்னூலார் கூறிய இரண்டாங் காற்பங்கு. ஒவ்வொருவரும் தனித்தே செய்தல் வேண்டும் என்று கடுமை காட்டும் விதிகள், சொந்தக் கணனியும் தனியறையும் உடையவனுக்கே உகந்தவை என்பதையும் மறத்தலாகாது. முடிந்த கோப்பை நீட்டிய நண்பன் உதவி செய்தவனாகத் தோன்றினும், உண்மையில் இருவருக்கும் கேடு செய்தவன். பெற்றவனின் காற்பங்கு போயிற்று. அதனை விளக்கிக் கூறும் தொல்லையைத் தவிர்த்ததனால், தனக்குரிய அரைப்பங்கையும் அவன் இழந்தான்.

இனி எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலிமையானது. கருவிகள் தோன்றிய போதெல்லாம் இவ்வாறே அஞ்சப்பட்டது என்பர். எழுத்து நினைவாற்றலைக் கெடுக்கும் என்ற கருத்தைப் பிளேற்றோவின் ‘பைதுருஸ்’ உரையாடலிற் காணலாம். 1957 இல் ‘போர்ட்ரான்’ வந்தபோது, பொறிமொழியை மனிதன் எழுத வேண்டிய தேவை பெரிதும் நீங்கிற்று. இன்று தொகுப்பியைப் பயன்படுத்தும் எவரையும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. அங்ஙனமாயின் இன்னும் ஒரு படி மேலே நின்று, விரும்பியதைச் சாதாரண மொழியிற் கூறிச் செய்நிரலைப் பெறுவதில் இழுக்கென்ன? நாளைய தொழிலகம் வேண்டுவதும் அதுவேயன்றோ?

இவ்வாதத்திற் பாதி உண்மையுளது. வல்லவன் ஒருவன் தன் வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பதில் இழுக்கில்லை. தொகுப்பியிடம் ஒப்படைக்கப்படுவது எழுதும் வேலை. எதனை எழுதுவது என்ற தீர்மானம் மனிதனிடமே எஞ்சுகின்றது. தொகுப்பியின் மொழிக்கு வரையறுத்த பொருளும் உண்டு. மாணவன் ஒப்படைவினாவை முழுதாகவே கையளிக்கும்போது கைமாறுவது அத்தீர்மானமாகும். விடை பிழையாயின் அவனால் அதனை அறிய இயலாது. சரியாயினும் அது சரியென்று அறிய இயலாது. பின்னையதே கூடுதற் கேடு.

தெமட்டகொடைக்கு இவ்வுண்மை புதிதன்று. இலங்கைப் புகையிரதச் சேவையின் எஞ்சின்கள் பேணப்படும் பெருங்கொட்டகை அங்கேயே உளது. அங்கிருந்து புறப்படும் எஞ்சின் கடுகண்ணாவை மலைச்சரிவில் ஏறி இறங்குகின்றது. தடுப்பைச் சோதித்தேன் என்று கையொப்பமிடுபவன் தன் கையாற் சோதித்தறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்பதை அவ்வண்டியில் உறங்கும் பயணி வினாவுவதில்லை, நம்புகின்றான். தொழில் பழகுபவன் பழுதான தடுப்பைக் கழற்றிப் பூட்டிய நாள்களில் அவன் செய்த வேலை பயணிக்கு நேரே உதவியிராது. பின்னொரு நாளின் கையொப்பத்துக்குப் பொருள் தருவது அந்நாள்களே.

கணனித் துறையிற் கையொப்பத்தின் பொருள் இழக்கப்பட்டால் நேர்வது யாது என்பதைப் பிரித்தானியத் தபாலகத்தின் கதை காட்டுகின்றது. ‘ஹொரைசன்’ என்னும் கணக்குவைப்பு முறைமை 1999 இல் அங்குப் புகுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறைகளைச் சான்றாகக் கொண்டு, 2015 வரையில் துணைத் தபாலதிபர்கள் தொளாயிரத்துக்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். முறைமையிலேயே வழுக்கள் இருந்தன என்பதை உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பாக உரைத்தது. தண்டனைகளைத் துடைத்தழிக்கும் சட்டம் 2024 இலேயே வந்தது. கணனி காட்டுவது சரியே என்ற துணிபோடு, அது ஏன் அவ்வாறு காட்டுகின்றது என்று வினவாது பலர் தம் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர்.

நம் நாட்டிலும் ஓர் எண் வாழ்வைத் தீர்மானிக்கும் இடமுண்டு. 2011 உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் ஒருசேரக் கொண்டு இசட் புள்ளிகள் கணிக்கப்பட்டன. விடயம் வழக்காகி, இரு பிரிவினருக்கும் வெவ்வேறாக மீளக் கணிக்குமாறு உயர் நீதிமன்றம் 2012 இல் உத்தரவிட்டது. கூட்டலும் வகுத்தலும் கணனிக்கு எளியவை. இரு வேறு கூட்டத்தாரை ஒரு கூட்டமாகக் கொள்ளலாமா என்பதோ கணனி தானாக எழுப்பும் வினாவன்று. அவ்வினாவை எழுப்பவல்ல மனம், சராசரியையும் நியம விலகலையும் ஒருமுறையேனும் தானே செய்நிரலாக எழுதி, அபத்தமான விடையொன்று வரக்கண்டு, காரணம் தேடி அலைந்த மனமாக இருத்தலே இயல்பு. பயனற்ற ஒப்படையின் பயன் அந்த அலைச்சலே எனலாம்.

இவ்வளவும் மாணவனை நோக்கியே கூறப்பட்டால் அது பாதி நீதியாகும். ஒரே ஒப்படையை ஆண்டுக்காண்டு மாற்றமின்றி வழங்கி, வந்த கோப்பை ஓடவிட்டுப் பார்த்து மட்டும் புள்ளியிடும் விரிவுரையாளர், கழிவுப் பொருளையே விளைபொருளாக மதிக்கின்றார். விளைபொருளை மதிக்க விரும்பின் மாணவனை எதிரே இருத்தி, ‘இவ்வரியை நீக்கினால் யாது நிகழும்?’ என்று வினவுதல் வேண்டும். இருநூறு மாணவர் கொண்ட வகுப்பில் தலைக்குப் பத்து நிமிடம் என்றாலும் முப்பத்துமூன்று மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். ஆளணி குறைந்த துறைகளுக்கு இது பாரமே. ஆயினும் நன்னூலார் கூறிய அரைப்பங்குக்கு இதைவிட மலிவான வழி இதுவரை எவராலும் காணப்படவில்லை.

அவ்வினாவை எம்மொழியில் வினவுவது என்பது எஞ்சி நிற்கின்றது. ஆங்கிலத்தில் வினவினால், பிரச்சினையை அறிந்தும் சொற்றேடித் தடுமாறும் மாணவன், அறியாதவனோடு ஒருங்கே வைத்தெண்ணப்படுவான். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துக் காட்டினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானம் கற்றவராதலின் கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தார். பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் தமிழிற் கற்பிக்கப்படுவதனால் அதற்குரிய சொற்களும் இன்று உள. தமிழறிந்த விரிவுரையாளர் இருக்குமிடத்து, தன் செய்நிரலைத் தமிழில் விளக்கும் உரிமையை அம்மாணவனுக்கு வழங்கப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. பரீட்சை விதியில் ஒரு வரி சேர்த்தல் போதும்.