எந்த மூன்று?

பெயரைப் பார்த்து ஒருவருக்கு வேலை மறுப்பது அநீதி. ஆனால் அநீதி நடந்தது உறுதி, செய்தவர் இன்னார் என்று சொல்லவே முடியாது என்றால், நியாயத்தை யாரிடம் கேட்பது?

2004இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. செய்தவர்கள் மரியான் பெர்ட்ராண்டும், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதனும். பாஸ்டன், சிகாகோ பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள். மற்றவற்றில் லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர்கள். எதற்கு எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஆகவே படிப்பையோ அனுபவத்தையோ காரணம் காட்ட வழியில்லை. வெள்ளையர் பெயர்களுக்கு 9.65 சதவீதம் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர்களுக்கு 6.45.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கலாம். லக்கீஷா 100 விண்ணப்பம் போட்டால் 93, 94 தடவை பதில் வராது. அவள் எமிலியாக இருந்தாலும் 90 தடவை வந்திராது. பெயர் பறித்தது ஏறத்தாழ மூன்று அழைப்புகளை. எந்த மூன்று? அவளுக்கும் தெரியாது, பதில் போடாத மேலாளர்களுக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் ‘நான் அந்த 90இல் ஒருவர்’ என்று உண்மையாகவே நம்பலாம்.

நான் வாழும் டொராண்டோவிலும் பிலிப் ஓரியோபோலஸ் இப்படி ஏறத்தாழ 13,000 விண்ணப்பங்கள் அனுப்பினார். 2011இல் வெளியான முடிவு: இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிடக் குறைவான அழைப்பே வந்தது.

போன வருடம் தமையனின் மகள் கேட்டாள்: “சித்தப்பா, பெயரைச் சுருக்கிப் போடட்டோ?” அது அவளுடைய முடிவு, நான் தடுக்கவில்லை. ஆனால் கணக்கு தப்பான ஆளிடம் வந்து நிற்கிறது என்று தோன்றியது. கேள்வி கேட்கப்பட வேண்டியவர் விண்ணப்பங்களைப் பிரிப்பவர் அல்லவா?

சராசரி எந்தத் தனி ஆளையும் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் எவரையும் விடுவிப்பதும் இல்லை. குற்றத்துக்குத்தான் ஆதாரம் வேண்டும். பொறுப்பேற்க, நானும் அந்த மூன்றில் ஒருவராக இருந்திருக்கலாம் என்ற சந்தேகமே போதும். இன்று விண்ணப்பம் பிரிக்கும் மேசைகளில் நம்மவர்களும் இருக்கிறோம். பெயரைக் கேட்டதும் ஊரையும் சாதியையும் மதத்தையும் துழாவும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பெயரை மறைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குவது பெரிய காரியமல்ல. அதற்கு முதலில், நான் பாகுபாடு பார்ப்பவன் இல்லை என்ற நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும்.