பெயர் தெரிந்த பிறகு

மரப்பட்டையில் வெளிறிப் படர்ந்திருப்பதை நம்மில் அநேகர் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானப் பாடநூல் அதை இலைக்கன் என்கிறது. ஒரு பங்கசும் ஓர் அல்காவும், சிலவற்றில் சயனோபற்றீரியாவும், சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. "அதால என்ன சேர் பிரயோசனம்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். வளி மாசைக் காட்டும் என்பேன். பரீட்சைக்கு அது போதும், கேள்விக்குப் போதாது.

கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்துக் காடுகளில் எரியோடெர்மா பெடிசெலாட்டம் என்றோர் இலைக்கன் உண்டு. மூடுபனி இறங்கும் காட்டில், பெரும்பாலும் பல்சம் பிர் என்ற ஊசியிலை மரத்தின் தண்டில் ஒட்டி வளர்கிறது. அகலம் சில சென்ரிமீற்றர். காய்ந்தால் சாம்பல் கலந்த கபிலம், நனைந்தால் நீலச்சாயல். மேற்பரப்பில் மெல்லிய மயிர், மேலே சுருண்ட வெள்ளை விளிம்பு. தேடுவோருக்கு இவைதான் அடையாளம். அமில மழையைத் தாங்காது. அயல் மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விட்டாலும் காய்ந்துபோகும். சுவீடனில் இருந்தது, அற்றுப்போயிற்று. 2003இல் உலகச் செம்பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற இரண்டு இலைக்கன்களில் இதுவும் ஒன்று.

நோவா ஸ்கோஷியாவில் ஒரு விதி. அரசாங்கக் காட்டில் இத்தகைய அரிய இலைக்கன் சிலவற்றுள் ஒன்று இருப்பது உறுதியானால், அதைச் சுற்றிக் குறைந்தது 100 மீற்றருக்கு மரம் வெட்டக்கூடாது. வெட்டுமுன் ஆய்வு நடப்பதுண்டு. ஆனாலும் கோல்ட்ஸ்மித் ஏரியருகே, வெட்டுக்குக் குறித்த காட்டுக்குள் ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நடந்து, விடுபட்டவற்றைக் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இடறுவது இதுதான். அந்த இலைக்கன் நேற்றும் அங்கேதான் இருந்தது. ஒருவர் கண்டு பெயர் சொன்னதும் மரம் பிழைத்தது, காணாவிட்டால் பலகை. அப்படியானால் இங்கே பாதுகாக்கப்படுவது இலைக்கனா, நமது அறிவா? தேடாதவனுக்குக் கடமையில்லை என்றொரு வாசலையும் இவ்விதி திறந்து வைக்கிறது. வெட்டுகிறவருக்குத் தெரியாமலிருப்பதே இலாபம்.

'எனக்குத் தெரியாது' என்பதைக் குற்றமின்மையாக எண்ணிப் பழகிவிட்டோம். பார்க்க வசதியிருந்தும் பாராமல் விட்டவனின் தெரியாமையை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மரம் வெட்டிப் பிழைப்பவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் காட்டை நேசிப்பவர் தன் ஓய்வுநாளைச் செலவழித்து நிரூபிக்க, வாள் பிடிப்பவர் ஒன்றும் நிரூபிக்காமலே தொடங்கலாமென்பது எந்த நியாயம்? நன்றாகப் பார்க்கவேண்டிய பாரம் வாள் பிடிப்பவர் மேல் இருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

பார்ப்பதும் லேசான வேலையல்ல. அந்த ஏரிக்கரையில் கண்டெடுத்த ஸ்கிளெரோபோரா பெரோனெல்லா ஒரு மில்லிமீற்றர் உயரங்கூட இல்லை. அதைக் காண, கிழட்டு மரத்தின் தண்டில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.